பெத்தகியா தூபம் காட்டிய நாள்

பெத்-தாப்புவா ஊரில் பெத்தகியாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் புகழ்வார்கள். மனுஷன் அப்படி. விளைச்சலில் ஆலயத்துக்கான தசமபாகம் பிரித்தாயிற்றா என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், வாய் வரைக்கும் போன அத்திப்பழத்தைக் கூடைக்கே திருப்பி வைத்துவிடுவார். கல்லறைப் பக்கம் ஆடு ஓடிவிட்டால் ஆட்டை மறந்துவிடுவார். ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பிணத்தீட்டு ஆகாது, ஆடு எவனுக்காவது ஆகட்டும்.

"உங்க வீட்டுக்காரரு தும்மறதுக்கு முன்னாடியும் விதி பாத்துட்டுத்தான் தும்முவாராமே?" என்று கிணற்றடியில் பெண்கள் அத்தாராளைச் சீண்டுவார்கள்.

"தும்மினாக்கூடப் பரவால்லடி, கொட்டாவிக்கும் பாக்குறாரே" என்பாள் அவள்.

சொன்னதைச் செய்வது, சொல்லாததைச் செய்யாமல் இருப்பது. பெத்தகியாவின் வாழ்க்கை மொத்தமும் இவ்வளவுதான். முதல் ஆசாரியனான ஆரோனின் பிள்ளைகள் இரண்டு பேர், எடுத்து வரச் சொல்லாத நெருப்பை எடுத்துக்கொண்டு சந்நிதிக்குள் போய்க் கருகி விழுந்த கதையைத் தாலாட்டுக்குப் பதிலாகக் கேட்டு வளர்ந்தவர். அப்படிப்பட்டவருக்குள்ளும் ஓர் ஆசை கிடந்தது. ஒரே ஒரு தடவை தூபம் காட்டிவிட வேண்டும்.

வருஷத்தில் இரண்டு வாரம் அவருடைய கூட்டத்துக்கு முறை வரும். எருசலேமுக்குப் போவார். ஆலயத்தில் விறகு சுமப்பார், சாம்பல் அள்ளுவார், பலியாட்டின் தோலை உரிப்பார். வெறுங்காலோடு குளிர்ந்த கல்தரையில் நின்று நின்று, பலி இறைச்சியையே தின்று தின்று, எல்லா ஆசாரியர்களையும் போல வயிற்றுக் கடுப்போடு ஊருக்குத் திரும்புவார். தூபம் மட்டும் வாய்க்கவில்லை. அது சீட்டு விழுகிறவனுக்கு. விடியற்காலையில் ஆசாரியர்கள் வட்டமாக நின்று ஆளுக்கொரு விரலை நீட்டுவார்கள். தலைவர் ஓர் எண்ணைச் சொல்லி எண்ணிக்கொண்டே வருவார், அது எந்த விரலில் முடிகிறதோ அவன் உள்ளே போவான். ஒருமுறை போனவனுக்கு மறுபடி கிடையாது. மீசை அரும்பும்போது நீட்ட ஆரம்பித்த விரல், தாடி நரைத்த பிறகும் பெத்தகியாவுக்குச் சும்மாவே மடங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த சின்னப் பையன்களெல்லாம் காட்டிவிட்டார்கள். அடுத்த ஊர் மல்லூக் வந்த இரண்டாம் வருஷமே காட்டிவிட்டான். அதையே இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்து முறைக்குக் கிளம்பும்போது மகள் எமீமாளுக்குக் காய்ச்சல். ஒரே பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கிறவள். பாயில் சுருண்டு கிடந்தாள், தொட்டால் உடம்பு ரொட்டி சுடும் கல்லாகக் கொதித்தது.

"இந்தத் தடவை போகாதீங்க," என்றாள் அத்தாராள். "ஒரு ஆள் கொறஞ்சா ஆலயம் இடிஞ்சா விழும்?"

"முறைன்னா முறைதானே. நோக்காடுன்னு நிக்கிறதுக்கு நோவு எனக்கா வந்திருக்கு?"

"உங்களுக்கு வந்திருந்தா நீங்க தவழ்ந்தாவது போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்."

எமீமாள் பாயில் படுத்தபடியே சிரித்தாள். "போயிட்டு வாங்கப்பா. இந்தத் தடவை விழும். விழுந்தா எப்படி இருந்துச்சுன்னு வந்து எனக்குத்தான் முதல்ல சொல்லணும். அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

சரி என்றார். அவள் நெற்றியில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, வடக்கே எருசலேம் போகும் மலைப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு தகப்பன் தங்கினால் கேட்கிறவர் யாரும் இல்லை, முறைத் தலைவரே வேறு ஆளைப் போட்டிருப்பார். அது பெத்தகியாவுக்கும் தெரியும்.

முறையின் நடுவில் ஒரு விடியற்காலை, விழுந்துவிட்டது.

தலைவர் எண்ணிக்கொண்டே வந்து அவர் விரலில் நிறுத்தினார். பெத்தகியாவுக்குப் புரியவே இல்லை. விரலை நீட்டியபடியே நின்றார். மல்லூக்தான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏய் பெத்தகியா, வெரலை மடக்குய்யா! அதை அறுத்தா எடுத்துக்கப் போறாங்க? கையைக் கால அலம்பு, போ!"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் கையையும் காலையும் கழுவினார். பொன்கிண்ணத்தில் தூபப்பொடியைக் கொட்டிக் கையில் கொடுத்தார்கள். பழகிய ஒருவர் காதோரம் சொன்னார்: "முன்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, கை வெந்துடும். தள்ளியிருக்கிற பக்கம் தூவிட்டு உங்க பக்கமா வாங்க." பெத்தகியா தலையை ஆட்டினார். இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறார், தன் காதில் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பலிபீடத்தைச் சுற்றிக்கொண்டு படிகளை நோக்கி நடக்கும்போதுதான் ஜனங்கள் நிற்கும் பக்கம் கண் போனது. முன்வரிசையில் அகீரா நின்றுகொண்டிருந்தான். அத்தாராளின் தம்பி. ஊரில் இருக்க வேண்டியவன். தலை ஈரமாக இருந்தது, உள்ளே வருமுன் குளித்திருக்கிறான். அங்கி நெஞ்சுப் பக்கம் நீளமாகக் கிழிந்து தொங்கியது. ஒரு கையை லேசாகத் தூக்கி, அவரைப் பார்த்து, உதட்டை அசைத்தான்.

அவர்கள் ஜனத்தில் அங்கியை நெஞ்சில் கிழித்துக்கொண்டு ஒருவன் வந்து நிற்பதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: வீட்டில் சாவு.

அதற்கு விதி என்ன என்பதும் அவருக்குத் தெரியும். சொந்தப் பிள்ளை இறந்து, இன்னும் அடக்கம் ஆகாமல் கிடக்கும்போது ஆசாரியன் பணிவிடை செய்யக் கூடாது. சேதி தெரிந்த நொடியே கிண்ணத்தை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். தெரியாமல் செய்தால் குற்றமில்லை. ஆகவே, எல்லாம் இந்தத் தெரிவதில்தான் இருந்தது. அகீரா ஒன்றும் சொல்லவில்லை. சந்நிதியில் சத்தம் போட முடியாது. உதடு அசைந்தது, அவ்வளவுதான். உதடு அசைவதெல்லாம் சேதியா?

பெத்தகியா தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பியவர் அப்படியே படியேறிவிட்டார்.

தூபவேளை வந்துவிட்டது என்று அறிவிக்கப் பெரிய மண்வாரியைத் தூக்கிக் கல்தரையில் எறிந்தார்கள். அந்த ஓசை கேட்டால் எருசலேமில் பக்கத்தில் நிற்பவன் பேச்சுக்கூடக் காதில் விழாது என்பார்கள். இனி அகீரா கத்தினாலும் கேட்காது. அதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவரால் பிறகு சாகும்வரை மன்னிக்க முடியவில்லை.

உள்ளே தணலைப் பரப்பினவன் பணிந்துவிட்டுப் பின்வாங்கிப் போனான். எல்லாரும் விலகினார்கள். விளக்குத் தண்டின் வெளிச்சத்தில், திரைச்சீலைக்கு முன்னால், பெத்தகியா தனியாக நின்றார். "தூபம் காட்டும்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. தள்ளியிருக்கிற பக்கத்திலிருந்து தூவினார். கை வேகவில்லை. புகை நேராக எழுந்து கூரையில் போய்ப் பரவி இறங்கியது. பொசுக்கும் நெருப்பு எதுவும் திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. வரும் என்று நின்றார். கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். வெளியே ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைவு வந்ததும் முகங்குப்புற விழுந்து பணிந்துவிட்டு வெளியே வந்தார். படியில் நின்று மற்ற ஆசாரியர்களோடு கைகளை உயர்த்தி ஜனங்களை ஆசீர்வதித்தார். ஆசீர்வாதத்தின்போது ஆசாரியர் கைகளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அகீராவும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தான்.

வேலை முடிந்ததும் இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகள் போய்விட்டாள், இனி அவசரம் என்ன இருக்கிறது? கேட்காதவரைக்கும் அவள் போகவில்லை, இப்படியும் ஒரு கணக்கு. வாயில் காக்கும் லேவியன் இரண்டு தடவை வந்து, "உங்க மச்சினர் வெளிய நிக்கிறாரு" என்றான். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றும் அறையில் அந்த மெல்லிய வெள்ளை அங்கியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து வாழ்த்தினார்கள். மல்லூக் வந்து, "முகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி! எனக்கும் அப்படித்தான்யா இருந்துச்சு" என்று தோளை அணைத்துக்கொண்டான். வெயில் முற்றம் முழுக்க ஏறிய பிறகுதான் அங்கியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தார்.

அகீரா ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"என்ன அத்தான் இவ்வளவு நேரம்? வாங்க, வாங்க. பொண்ணு உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கா. காய்ச்சல் முத்திப்போச்சு. அக்கா கூட்டிட்டு வரச் சொன்னா."

பெத்தகியா அவன் நெஞ்சையே பார்த்தார்.

"இதா? கும்மிருட்டு. ஓடை எறக்கத்துல முள்ளுக்குள்ள விழுந்து எழுந்திரிச்சேன். மாத்தறதுக்கு வேற ஏது? வாங்க அத்தான்."

அவர் ஓடினார். அந்த வயதில், அந்த வெயிலில், மலைப்பாதையில் ஓடினார். அகீரா பின்தங்கிவிட்டான். ஊர் எல்லையில் வரும்போது வீடுகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் மட்டும் அழுகைச் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் முன்னால்தான், என்றார்கள். மத்தியானம் வந்திருந்தால் பேசியிருக்கலாம், நல்ல நினைவோடுதான் இருந்தாள், என்றார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவர் நன்மைக்குத்தான் சொன்னார்கள்.

ஆசாரியன் பிணத்தைத் தொடலாம் என்று விதியே விட்டுக்கொடுக்கிற நெருங்கிய உறவுகளில் மணமாகாத மகளும் உண்டு. பெத்தகியா பிறந்ததிலிருந்து தொட்ட முதல் பிணம் எமீமாள். எப்படித் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டினார், எடுத்தார், மறுபடி நீட்டினார். அத்தாராள்தான் அவர் கையைப் பிடித்து மகள் நெற்றியில் வைத்தாள்.

ஊர் அவரைக் கொண்டாடியது. மகள் சாகக் கிடக்கும்போதும் ஆண்டவர் பணியை விடாதவர் என்றார்கள். ஆண்டவரே சேதியைத் தடுத்து வைத்து அவருக்குத் தூபத்தைக் கொடுத்தார் என்றார்கள். ஜெபக்கூட்டத்தில் முன்னால் உட்கார வைத்தார்கள். பெத்தகியா மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

துக்க நாட்கள் முடிந்து ஒருநாள், பேச்சுவாக்கில் அத்தாராள் சொன்னாள். அன்றைக்குப் பகல் முழுவதும் வாசலில் எந்தக் காலடி கேட்டாலும் எமீமாள் தலையைத் தூக்கி, "அப்பாவா?" என்று கேட்டாளாம். தண்ணீர் கொண்டு வந்தவள் வந்தாலும், ஆடு தாண்டிப் போனாலும், "அப்பாவா?"

அன்றிலிருந்து பெத்தகியா தன் வீட்டுக்குள் சத்தம் வர நடந்ததில்லை. வாசலுக்கு எட்டத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, திருடன் மாதிரி பாதத்தை ஒத்தி ஒத்தி வைத்து உள்ளே வருவார். மறந்துபோய்க் கால் சரளையில் உரசிவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். பாய் இருந்த மூலை காலியாகத்தான் இருக்கும். அத்தாராள் ஒருமுறை பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். அவர் காலியான மூலையைப் பார்த்து, வாய்க்குள், "ஆமாம்மா, அப்பாதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்காத மாதிரித் திரும்பிப் போய்விட்டாள்.

கிழிந்த துணி எதுவும் கண்ணில் படக் கூடாது. கொடியில் பீறல் சாக்குத் தொங்கினால்கூடத் தலை தானாகத் திரும்பிக்கொள்ளும். அந்தத் தலை திரும்புவதை நினைத்து மறுபடி வியர்க்கும்.

அடுத்த முறைக்குப் போனபோது, பிரமாணங்களைக் கரைத்துக் குடித்த ஒரு மூத்த ஆசாரியரைத் தனியாகப் பிடித்தார். யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். வீட்டில் சாவு என்று நினைத்துக்கொண்டே ஒருவன் தூபம் காட்டிவிட்டான். பிறகு பார்த்தால் அப்போது சாவு இல்லை. அவன் என்ன பலி செலுத்த வேண்டும்?

"சாவு இல்லையே? அப்ப அவன் துக்கக்காரன் இல்லை. பணிவிடை செல்லும்," என்றார் மூத்தவர்.

"ஆனா அவன் நெனச்சானே."

"நெனச்சான், தப்பா நெனச்சான். தப்பாப் போனதுக்குச் சந்தோஷப்படட்டும்."

"ஒரு ஆட்டுக்குட்டி? ஒரு புறா?"

"எதுக்குய்யா? எந்தக் கட்டளையை மீறினான், சொல்லு. கொண்டு வந்தா நான் கையில வாங்க மாட்டேன். காரணமில்லாத பலியும் தப்புத்தானே?"

பெத்தகியா வாழ்நாள் முழுவதும் எந்தக் கட்டளையின் நிழலில் பத்திரமாக ஒதுங்கி நின்றாரோ, அது அவரைப் பார்த்து உன்மேல் எனக்கு வழக்கில்லை என்றது. மீறியிருந்தால் அழுது, அறுத்து, இரத்தம் தெளித்து, எழுந்து வந்திருக்கலாம். அவர் செய்ததைக் கொண்டுபோய் வைக்க அந்த ஆலயம் முழுவதிலும் ஓர் இடம் இல்லை.

இதற்கிடையில் அகீரா கெட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயாடி, கூத்தடிக்கிறவன். கல்யாண வீடென்றால் அவன்தான் முதலில் ஆடுவான். அவன் இப்போது அக்கா வீட்டுப் பக்கமே வருவதில்லை. திராட்சரசமும் கையுமாக இருந்தான். ஒலிவ பறிக்கும் காலத்தில் அத்தாராள் இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். மூவரும் மரத்தடியில் காய் பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே இருந்தவன் திடீரென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கத்தியிருக்கணும் அத்தான். லேவியன் காத்திருன்னான், காத்திருந்தேன். எவ்வளவு பெரிய இடம், எப்படிக் கத்தறதுன்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க திரும்பிப் பாத்திருப்பீங்க. உங்க மகளை நான்தான் உங்ககிட்டேருந்து பிரிச்சேன்."

பெத்தகியா கையிலிருந்த காய்களைக் கூடையில் போட்டார். உண்மையை அவர் எத்தனையோ மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். அகீரா அழுவது அவருக்கு ஓர் இளைப்பாறலாகக்கூட இருந்தது, தன் பாரத்தை இன்னொருவன் சுமக்கிறான் என்று. இன்றைக்கு அது முடியவில்லை. அவன் முகம் அவ்வளவு வீங்கிப்போயிருந்தது.

"நான் உன்னப் பாத்தேன் அகீரா," என்றார்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"பாத்தேன். அங்கி கிழிஞ்சிருந்ததையும் பாத்தேன். பொண்ணு செத்துட்டான்னு நெனச்சேன். கேட்டுட்டா உள்ள போக முடியாது. அதனாலதான் திரும்பிக்கிட்டேன்."

அகீரா முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை நின்றுபோயிருந்தது.

"செத்துட்டான்னு நெனச்சீங்க."

"ஆமா."

"பொணம் கெடக்கிற வீட்டுலேர்ந்து வந்தவன் சந்நிதிக்குள்ள எப்படி அத்தான் வருவான்? குளிச்சாலும் ஏழு நாளைக்குப் போகாத தீட்டோட என்னை வாசல்லயே வெட்டியிருக்க மாட்டாங்களா? நான் உள்ள நின்னேனே! முன்னாடி வரிசையில நின்னேனே! இது எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதா? ஊரில் பாலகனுக்கும் தெரிந்த விதி அது. பிணத்தீட்டுக்குப் பயந்து ஆட்டையே விட்டவருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்று யோசித்திருந்தால் வந்திருக்கும். அவர் நிற்கவில்லை.

அகீரா எழுந்தான். அடிப்பான் என்றுதான் தோன்றியது. அடிக்கவில்லை. காலால் ஒரு கூடையை உதைத்துத் தள்ளிவிட்டு, தோட்டத்தைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போனான்.

காய்கள் சரிவில் உருண்டன. அத்தாராள் அவற்றைப் பொறுக்கவில்லை. புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ உயிரோட இருக்கா, உங்களைக் கேக்கறான்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கிண்ணத்தைக் கீழ வச்சிட்டு வந்திருப்பீங்களா?"

பெத்தகியா வாயைத் திறந்தார். நோயில் கிடக்கும் மகளுக்காக ஓர் ஆசாரியன் தூபத்தை விட்டு வர வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. அவர் தாடி நரைத்திருந்தது. அன்றைக்கு விரலில் நின்ற அந்த எண்ணை விட்டிருந்தால் மறுபடி ஒருபோதும் வந்திருக்காது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுவாவது இருந்திருக்கலாம்.

"வந்திருப்பேன்னு சொல்லுங்களேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "பொய்யா இருந்தாலும் சரி. எனக்காகச் சொல்லுங்க. நான் அதை வச்சுக்கிட்டு இருந்துக்கறேன்."

"வந்திருப்பேன்," என்றார் பெத்தகியா.

சொல்லச் சொன்னதை, சொல்லச் சொன்னபடியே, ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் சொல்கிற குரல் அது. அந்தக் குரலோடு அத்தாராள் எத்தனையோ காலம் குடித்தனம் செய்திருக்கிறாள். இன்னும் ஏதாவது சொல்வாரா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.